கிட்னி பலவீனமானவருக்குக் கவுட் (யூரிக் ஆசிட் கூடி மூட்டில் வரும் வீக்கம்) வந்தால்

"கால் கட்டைவிரல் வீங்கிடுச்சு, ஒரு வலி மாத்திரை குடுங்க" என்று மருந்துக்கடைக்கு வருபவரிடம் நான் முதலில் கேட்பது கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைத்தான். அது ஏறியிருந்தால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் பக்கமே போகாதீர்கள். ஊசியாகப் போட்டாலும் கிட்னிக்கு அதே கெடுதல்தான். டாக்டர் சில நாள் ஸ்டீராய்டு தருவார் (சர்க்கரை ஏறும், கவனம்), அல்லது அளவு குறைத்துக் கோல்சிசின் என்ற கவுட் வலி மருந்து. கோல்சிசினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேரவே கூடாது.

அப்புறம்தான் நீண்டகால மருந்து. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினாலைப் பெரும்பாலும் தினம் 50 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6-க்கு (mg/dL) கீழே இறங்கும்வரை மெதுவாக ஏற்றுவார்கள். ஆரம்ப மாதங்களில் வலி திரும்ப வரலாம், பயந்து நிறுத்தாதீர்கள். தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.