லொறி ஹயருக்கு தூரக் கணக்கை கம்ப்யூட்டர் போடட்டும்

திருமலையில (திருகோணமலையில) லொறி ஹயர் பாக்கிற கனபேர் இன்னும் கூகுள் மெப்பைப் பாத்துத்தான் கிலோமீட்டர் எழுதுறாங்க. காருக்கு அது ஓகே, ஆனா அதில லொறி எண்ட தெரிவே இல்ல, எத்தனை டன், எவ்வளவு உயரம் எண்டு அது கேக்கிறதுமில்ல. அதால ஓப்பன்ரூட்சேர்விஸ் எண்ட சைட்டை வச்சு சொல்லுறன், காசு கட்டத் தேவையில்ல, ஆக்கள் தாங்களே சேந்து வரையிற ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் எண்ட மெப்பின்ட தரவில ஓடுறது, ஃபோனை விட கம்ப்யூட்டர்ல செய்யிறது லேசு.

முதல்ல வாகனம். கார், சைக்கிள் எண்டு காட்டுற இடத்தில பாரவாகனத்தை எடுங்கோ, பிறகு செட்டிங்ஸ்ல நீளம், அகலம், உயரம், எடை, அச்சுப் பாரம் எல்லாம் கேக்கும். எடைக்கு வெறும் லொறியை இல்ல, சாமான் ஏத்தின பிறகு வாற மொத்தத்தைப் போடுங்கோ.

அடுத்தது இடங்கள், இதிலதான் கணக்கு பிழைக்கிறது. சீனக்குடாவில மா மூட்டை ஏத்தி மூதூர்ல இறக்கிறம் எண்டு வைப்பம். ஊர்ப் பேரை அடிச்சு விட்டா அது ஊருக்க எங்கயோ ஒரு புள்ளியைப் பிடிக்கும், அதால மெப்பைப் பெருப்பிச்சு ஸ்டோர் கேட்டிலயே ரைட் கிளிக் பண்ணி இதுதான் தொடக்கம் எண்டு குடுங்கோ, இறக்கிற கடைக்கும் அப்பிடியே. கோடு வந்ததும் அது கொட்டியாரக்குடாவைச் சுத்தி கிண்ணியாப் பாலத்தால போகுதா எண்டு கண்ணால பாருங்கோ. 2009ல பாலம் திறக்க முந்தி அந்த இடத்தைப் பாதையில (ஃபெரியில) ஏத்தித்தான் கடக்கிறது, இப்ப ஏ15 ரோட்டால நேரே போகலாம். கோடு கடலுக்கால போனா தவிர்க்கிற லிஸ்ட்ல ஃபெரியை டிக் பண்ணிவிடுங்கோ.

கொழும்பு ஓட்டம் எண்டா வேகமான வழியா, குறுகின வழியா எண்டதையும் தீர்மானிக்கணும். குறுகினது சிலநேரம் லொறி திரும்பேலாத உள்ரோட்டுக்க விடும். வேகமானது ஏ6 ஆல வந்து 2022ல திறந்த மீரிகம–குருநாகல் எக்ஸ்பிரஸ்வேயில ஏத்தக்கூடும், அந்தக் காசை ஆர் குடுக்கிறது எண்டு ஹயர் பேசேக்கையே கதைச்சுக் கொள்ளுங்கோ. என்னைக் கேட்டா வேகமானதையே வைங்கோ.

கடை கனக்க இருந்தா ஒண்டொண்டா அடிக்காதேங்கோ. கியூஜிஐஎஸ் எண்ட இலவச மெப் சொஃப்ட்வெயாரில ஓஆர்எஸ் டூல்ஸ் எண்ட பிளகினை (மேலதிகமாச் சேர்க்கிற துண்டு, ஓஆர்எஸ் எண்டா ஓப்பன்ரூட்சேர்விஸ்தான்) போட்டு, அந்த சைட்டில ரெஜிஸ்டர் பண்ணி எடுத்த கீயை (அனுமதிக் குறியீட்டை) குடுத்து, இடங்களை ஒரு சீஎஸ்வி ஃபைலா (வெறும் அட்டவணை ஃபைல்) ஏத்தி மேட்ரிக்ஸ் எண்ட கணக்கை ஓட்டினா ஒவ்வொரு சோடி இடத்துக்கும் கிலோமீட்டர் வந்துவிடும். ஏத்தேக்க, திருமலைப் பக்கத்துக் கடைகளுக்கு எக்ஸ் எண்ட இடத்தில 81 இல தொடங்கிற நெடுங்கோடு, வையில 8 இல தொடங்கிற அகலக்கோடு. கூகுள் மெப்பில கொப்பி பண்ணினா அகலக்கோடுதான் முதல்ல வரும், அப்பிடியே மாறிப் போட்டா உங்கட கடை வடதுருவப் பக்கம் கடலுக்க போய் நிக்கும்!

வாறது ஒருவழித் தூரம் மட்டும். வெறுமையாத் திரும்புற லொறிக்கும் டீசல் எரியும்தானே, அதால திரும்புற ஓட்டத்துக்கு வேற கொலம் போடுங்கோ. சின்னப் பாலங்கள்ட எடை வரம்பை ஆரும் மெப்பில ஏத்தாட்டி சொஃப்ட்வெயாருக்கு அது தெரியாது, புது ரோட்டெண்டா முதல் ஓட்டத்துக்கு முந்தி அந்தப் பக்கம் ஓடுற ட்ரைவரை ஒருக்காக் கேளுங்கோ.