சைக்கிள் ஃபிரேமில் ‘மேட் இன்’: அந்த ஒரு வரியைப் படிப்பதில் நேரும் தவறுகள்

நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு பழைய ரோடு சைக்கிள் ஒன்றுக்கு விலை பேசியிருந்தார். வாங்கலாமா என்று பார்த்துச் சொல்ல என்னையும் அழைத்துப் போனார். மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன நல்ல வண்டி. சீட்டைத் தாங்கும் குழாயில் புறாச் சின்னத்துடன் கொலம்பஸ் என்னும் இத்தாலியப் பெயர் கொண்ட ஸ்டிக்கர் இருந்தது. அதைக் காட்டி, இது இத்தாலி ஃபிரேம் என்று சொல்லி, விற்பவர் விலையையும் அதற்கேற்ப ஏற்றி வைத்திருந்தார். வண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடல் அச்சு நுழையும் குழாயின் அடிப்பக்கத்தில் இறுகியிருந்த கிரீஸையும் மண்ணையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, கொத்தப்பட்ட வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் நகத்தளவு ஸ்டிக்கர் ஒன்று தெரிந்தது: ‘மேட் இன் தைவான்’. நண்பரின் முகம் வாடிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அங்கே இரண்டு தவறுகள் நடந்தன. குழாயின் பெயரை ஃபிரேமின் ஊராக எடுத்துக்கொண்டது ஒன்று. தைவான் என்றதுமே மட்டமான சரக்கு என்று முடிவு கட்டியது மற்றொன்று. இரண்டில் பெரிய தவறு இரண்டாவதுதான் என்பது என் கருத்து. அதனால்தான் ஒரு நல்ல வண்டி அவர் கையைவிட்டுப் போனது.

முதலில் குழாயைப் பார்த்துவிடலாம். இத்தாலியின் கொலம்பஸும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கும் ரெனால்ட்ஸும் குழாய் செய்யும் நிறுவனங்கள். ரெனால்ட்ஸின் புகழ்பெற்ற 531 என்னும் எஃகுக் குழாய் 1935-இல் வெளிவந்தது. இந்தக் குழாய்களை விலைக்கு வாங்கி எந்த நாட்டுப் பட்டறையிலும் ஃபிரேம் கட்டலாம், கட்டியும் வந்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் சொல்வது உலோகம் யாருடையது என்பதை மட்டுமே. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபிரேம், ஃபோர்க், பின்பக்கக் கம்பிகள் எல்லாமே 531 என்று எழுதிய ஸ்டிக்கர் வேறு, முதன்மையான மூன்று குழாய்கள் மட்டும் 531 என்று எழுதிய ஸ்டிக்கர் வேறு. இரண்டும் ஒரே சாயலில் இருப்பதால், எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதன் கீழே பொடியெழுத்தில் உள்ளதைப் படிக்காமல் விடுவது பழைய சைக்கிள் வாங்குவோரிடம் அடிக்கடி காணும் பிழை. கியர் மாற்றும் பாகத்தைப் பார்த்து வண்டியையே ஜப்பான் வண்டி என்று சொல்வதும் இதே வகைதான். ஷிமானோ ஜப்பானிய நிறுவனமே என்றாலும், 1973-இலேயே சிங்கப்பூரில் தொழிற்சாலை தொடங்கியது; பிறகு மலேசியாவிலும் சீனாவிலும் தொடங்கியது. கியர் பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் அது எங்கே செய்யப்பட்டது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஃபிரேமைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அப்படியானால் ‘மேட் இன்’ என்ற வரி எதைத்தான் சொல்கிறது? சுங்கத் துறை கேட்கும் ஒரு கேள்விக்கான விடையை அது சொல்கிறது. பொருள் ஒரே நாட்டில் முழுமையாக உருவாகாதபோது, கடைசியாகக் கணிசமான வேலைப்பாடு எந்த நாட்டில் நடந்ததோ அதுவே அதன் நாடு என்பதுதான் ஐரோப்பிய ஒன்றியச் சுங்கச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்வதன் சாரம். அமெரிக்காவிலும் பொருளின் தன்மையையே மாற்றும் வேலை எங்கே நடந்தது என்றுதான் பார்க்கிறார்கள். இதை அறியாமல், இரும்பு உருகியதிலிருந்து பெயின்ட் காய்ந்தது வரை எல்லாம் அந்த ஒரு நாட்டிலேயே நடந்ததாக எண்ணிக்கொள்வதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர். ஒரு கார்பன் ஃபிரேமுக்கு வேண்டிய இழை ஜப்பானிலிருந்து வரலாம். அதை அச்சில் அடுக்கி வார்ப்பது சீனாவிலோ வியட்நாமிலோ நடக்கலாம். பெயின்ட் தைவானில் அடிக்கப்படலாம். சக்கரமும் கியரும் பூட்டுவது ஜெர்மனியில் முடியலாம். ஒட்டப்படும் ஸ்டிக்கரிலோ ஒரு நாட்டுக்குத்தான் இடம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதையும் மறந்துவிடக் கூடாது. இறக்குமதியாகும் பொருளில் அதன் நாட்டின் பெயர் வாங்குபவரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அங்கே ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்று போட்டுக்கொள்வதற்கு அளவுகோல் இன்னும் கடுமையானது: அனைத்துமோ ஏறக்குறைய அனைத்துமோ அமெரிக்காவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ சைக்கிள் போன்ற பொருள்களில் நாட்டின் பெயரைப் போட வேண்டும் என்ற பொதுக் கட்டாயமே இல்லை. ஆகவே ஐரோப்பாவுக்காகச் செய்யப்பட்ட ஃபிரேமில் அந்த வரி இல்லாவிட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்று உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை.

‘மேட் இன்’ இல்லாத இடத்தில் வேறு சொற்கள் இருக்கும். ‘டிசைன்டு இன்’, ‘என்ஜினியர்டு இன்’, ‘அசெம்பிள்டு இன்’ ஆகிய சொற்களுக்குப் பின்னால் வரும் நாட்டின் பெயரை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு முன்னால் உள்ள சொல்லை விட்டுவிடுகிறோம். வரைபடம் போட்ட இடம், கணக்கிட்டுச் சோதித்த இடம், பாகங்களைப் பூட்டிய இடம் என்று ஒவ்வொன்றும் உண்மையையே சொல்கிறது. ஃபிரேமை வெல்டிங் செய்த இடத்தையோ வார்த்த இடத்தையோ எதுவும் சொல்வதில்லை. ஜெர்மனியின் கேன்யன் நிறுவனம் கோப்லென்ஸ் நகரில் வண்டிகளைப் பூட்டி அனுப்புகிறது. ஃபிரேம்கள் வருவது ஆசியாவிலிருந்து. இத்தாலியில் இந்தக் குழப்பம் முற்றியதால் 2009-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். வடிவமைப்பு, திட்டம், செய்பணி, பொதிகட்டல் ஆகிய அனைத்தும் இத்தாலிய மண்ணிலேயே நடந்திருந்தால்தான் ‘நூறு சதவீதம் மேட் இன் இத்தாலி’ என்று போட முடியும். அந்த ‘நூறு சதவீதம்’ இல்லாத வெறும் ‘மேட் இன் இத்தாலி’ சற்றுத் தளர்வானது. ‘ஹேண்ட்மேட்’ என்ற சொல்லுக்கோ நான் எந்த மதிப்பும் தருவதில்லை. பிசின் ஊறிய கார்பன் துணியை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் என்ற அட்டவணையைப் பார்த்து விரலால் அழுத்தி ஒட்டுவது இன்றைக்கும் மனிதக் கைகளே. சீனாவின் சியாமெனில் செய்த கார்பன் ஃபிரேமும் கையால் செய்ததுதான், மிலானுக்கு அருகே செய்ததும் கையால் செய்ததுதான்.

இனி தைவானுக்கு வருகிறேன். ஜயன்ட், மெரிடா இரண்டும் 1972-இல் அங்கே தொடங்கப்பட்டவை. அப்போது தைவான் சைக்கிளுக்கு மலிவு என்ற பெயர் இருந்தது உண்மைதான். அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனத்துக்காக ஜயன்ட் வண்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 1980-இல் சிகாகோ தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தபோது ஷ்வின் தன் உற்பத்தியில் பெரும் பங்கைத் தைவானுக்குத் திருப்பியது. செய்முறை அறிவும் பின்னாலேயே போயிற்று. பிறகு ஷ்வின் சீனாவின் பக்கம் சாய, ஜயன்ட் தன் சொந்தப் பெயரிலேயே உலகச் சந்தைக்குள் இறங்கியது. ஷ்வின் 1992-இல் திவாலானது. அலுமினியத்தை வெல்டிங் செய்வதிலும் கார்பனை வார்ப்பதிலும் தைச்சுங் வட்டாரத்துப் பட்டறைகள் பெற்ற பழக்கம் இன்று உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காதது. 2001-இல் அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு சைக்கிள் நிறுவனத்தில் மெரிடா கணிசமான பங்கு வாங்கியது. மேல்விலை வண்டிகளின் ஃபிரேம்கள் அங்கிருந்து வருவதற்குக் கூலி மட்டும் காரணமில்லை. அந்த வேலையைத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதற்கு நல்ல சான்று இத்தாலியின் கொல்னாகோ. மிலான் அருகே காம்பியாகோ என்னும் சிற்றூரில் இருக்கும் இந்த நிறுவனம், தன் ‘சி’ வரிசை ஃபிரேம்களை இத்தாலியில் செய்கிறது. ‘வி’ வரிசை ஃபிரேம்கள் ஆசியாவில் வார்க்கப்படுகின்றன. 2020-இல் சைக்கிள் பந்தய வீரர் ததேய் பொகாச்சர் தன் முதல் டூர் டி பிரான்ஸை வென்றது வி3ஆர்எஸ் என்னும் ஆசிய வார்ப்பில். போட்டியை வென்ற ஃபிரேம் ஆசியாவிலிருந்து வந்தது; இத்தாலியில் செய்தது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்போர் வாங்குவது மற்ற வரிசையை. அந்தப் பட்டறையின் மரபுக்காக விலை கொடுப்பதில் தவறில்லை, நானும் அந்த மரபை மதிக்கிறேன். ஆனால் கூடுதல் விலை கூடுதல் வலிமைக்கு என்று எண்ணிக் கொடுத்தால் அது தவறு.

நாட்டின் பெயரைச் சில நேரம் தரத்தைவிட வரியே தீர்மானிக்கிறது. சீனச் சைக்கிள்களின் மீது ஐரோப்பா 1993-இல் 30.6 சதவீதப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) விதித்தது. 2005-இல் அது 48.5 சதவீதமானது. பாகங்களாகக் கொண்டுவந்து ஐரோப்பாவிலேயே பூட்டிவிட்டால் வரியிலிருந்து தப்பலாம் என்று சிலர் கணக்குப் போட்டதால், 1997-இலேயே ஃபிரேம் உள்ளிட்ட முதன்மைப் பாகங்களுக்கும் வரி நீட்டிக்கப்பட்டிருந்தது. அடுத்து வண்டிகள் வேறு நாடுகளின் வழியாக வரத் தொடங்கின. 2013-இல் இந்தோனேசியா, மலேசியா, துனிசியா ஆகியவற்றோடு இலங்கையிலிருந்து வரும் சைக்கிள்களுக்கும் அதே வரி நீட்டிக்கப்பட்டது. முறையாகத் தயாரிப்பவர்கள் என்று மெய்ப்பித்தவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஒரே நாட்டின் பெயரில் உண்மையான தயாரிப்பும் வெறும் வழிச்சரக்கும் கலந்து வந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேண்டாம். ‘மேட் இன் ஸ்ரீலங்கா’ என்று கண்டதும் சந்தேகப்பட்டால், அங்கே உண்மையாகவே வெல்டிங் பிடிக்கும் தொழிலாளிக்கு அநீதி செய்கிறோம். எதையும் கேட்காமல் நம்பினாலும் தவறு நேரலாம்.

நம் ஊரில் வேறொரு தவறு உண்டு: பெயர்ப்பலகையை வைத்து நாட்டைச் சொல்வது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்பவை இங்கிலாந்துப் பெயர்கள். தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக ஓடிய அந்த வண்டிகள், 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் பிறந்தவை. ராலே வண்டி என்றால் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்தது என்பதும் இப்படித்தான். நாட்டிங்காமில் ஃபிரேம் செய்வது 1999-இல் நின்றது. 2002-இல் வண்டி பூட்டுவதும் நின்றது. பெயர் மட்டும் இன்னும் விற்கிறது. ஒரு பிராண்டு எங்கே செய்யப்படுகிறது என்று கேட்பவர்கள், எந்த ஆண்டு, எந்த மாடல் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தரத்தைப் போலவே, நாட்டின் பெயரிலிருந்து அறத்தையும் ஊகித்துவிட முடியாது. தைவானில் செய்ததென்றால் தொழிலாளருக்குக் குறை இருக்காது என்று நானும் நம்பியிருந்தேன். 2025 செப்டம்பரில், கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, ஜயன்ட் நிறுவனம் தைவானில் செய்யும் சைக்கிள்களை விடுவிக்காமல் நிறுத்திவைக்க அமெரிக்கச் சுங்கத் துறை ஆணையிட்டது. அந்த ஆணையில் கடன் பிணைப்பும் ஊதியப் பிடித்தமும் அளவுமீறிய கூடுதல் வேலைநேரமும் சொல்லப்பட்டிருந்தன. ஸ்டிக்கரில் இதற்கெல்லாம் இடமில்லை.

வாங்கும்போது எதைப் பார்ப்பது என்றால், இந்தியாவில் முதலில் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். இறக்குமதியான பொதியில் தயாரிப்பு நாடு, இறக்குமதியாளரின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்பது விதி. இணையக் கடைகளும் இறக்குமதிப் பொருளின் நாட்டைக் காட்ட வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. இறக்குமதியாளரின் முகவரியில் இந்திய நகரம் ஒன்று இருப்பதைப் பார்த்து, வண்டியே அங்கே செய்யப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வரிசை எண்ணை வைத்து நாட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் பாதி உண்மைதான். காருக்கு இருப்பது போல உலகம் முழுவதற்குமான பொது எண்முறை சைக்கிளுக்குக் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி எழுத்தும் எண்ணும் போடுகிறது. அந்த எண்ணைக் கொண்டு நிறுவனத்திடமே கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

வலிமையைப் பற்றித்தான் கவலை என்றால் ஃபிரேமில் ‘ஐ.எஸ்.ஓ. 4210’ என்ற குறி இருக்கிறதா என்று தேடுங்கள். பெடல் மிதிக்கும் விசையை 1,00,000 முறை திரும்பத் திரும்பச் செலுத்தியும் ஃபிரேம் விரிசல் விடக் கூடாது என்பது அந்தத் தர விதியின் சோதனைகளுள் ஒன்று. விதிக்கு உட்பட்ட ஃபிரேமில் வரிசை எண்ணும், தயாரித்தவர் அல்லது அவருடைய பிரதிநிதியின் பெயரும், அழியாதபடி பதிந்திருக்க வேண்டும். நண்பர் விட்டுவந்த அந்தத் தைவான் ஃபிரேமின் அடியில் வரிசை எண் ஆழமாகவும் நேராகவும் கொத்தப்பட்டிருந்தது; குழாய்கள் சேரும் இடங்களில் அவற்றை இணைக்க உருக்கிய பித்தளை ஒழுகாமல் ஒரே சீராகப் படிந்திருந்தது.