பழைய பொருள் வாங்கப் போகிறீர்களா? கூச்சத்தை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். நீலப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மறுநாள் ஈரடுக்கு மேம்பாலத்தில் இறங்கும்போதே முன்சக்கரம் ஆட்டம் கண்டுவிட்டது. நல்லவேளை, விழவில்லை.

"வாங்கும்போது ஓட்டிப் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி வயதில் பெரியவர், மாமா. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று கேட்கவில்லை."

இந்தப் பதிலைத்தான் பல மாணவர்களிடம் கேட்கிறேன். விலை பேசத் தெரியாமல் இழப்பதைவிட, சோதித்துப் பார்க்கக் கூச்சப்பட்டு இழப்பதுதான் அதிகம். நேர்மையான வியாபாரி, பொருளைப் புரட்டிப் பார்ப்பவரைத் தடுப்பதில்லை. தடுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

சைக்கிளில் பெயிண்டைப் பார்த்து மயங்குவது முதல் தவறு. சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். பிரேக் கட்டைகளுக்கு நடுவே ரிம் இப்படியும் அப்படியும் ஒதுங்கி ஓடினால் கோட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம், பயமில்லை. பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அங்கே பேரிங் தேய்ந்திருக்கலாம். அதே இடத்தில், ஃபிரேம் குழாய்கள் சேரும் முனைக்கு அடியில், விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியோ மயிரிழைபோல வெடித்தோ இருந்தால் வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் சைக்கிளின் அடையாள எண்ணை அரத்தால் தேய்த்து அழித்திருந்தாலும் அப்படித்தான்.

செல்போனில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. பில் இல்லை, பெட்டி இல்லை, "நண்பருடையது" என்று ஒருவர் நீட்டினால் வாங்கிவிடக் கூடாது. *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்த எண் முடக்கப்பட்டதா, போலியா என்று பதில் வரும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். மாணவர் என்பதற்காகச் சட்டம் விட்டுவிடாது. இன்னொன்று, விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண்முன் நீக்க வேண்டும். நீக்காமல் போனை அழித்துக் கொடுத்தால், அறைக்கு வந்ததும் அது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கலாம். அதன்பின் அவரை எங்கே தேடுவீர்கள்?

அரசு முத்திரை பதித்த விலையில்லா மடிக்கணினியும் கைமாறுவதைப் பார்க்கலாம். அது விற்பதற்காகக் கொடுத்தது அல்ல. தொடாதீர்கள்.

புத்தகத்தில் பாதி விலை என்பது மட்டும் கண்ணில் பட்டால் போதாது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் 2017-இல் ஒன்று, 2021-இல் ஒன்று என்று மாறியிருக்கிறது. உங்கள் பாடக் குறியீட்டைக் கையில் எழுதிக்கொண்டு போய் உள்ளடக்கத்தோடு ஒப்பிடுங்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்திலும் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பழைய வழக்குகளுக்குப் பழைய நூல் உதவும். தேர்வுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

கால்குலேட்டர் வாங்கினால் திரை நிறைய எட்டு அடித்துப் பாருங்கள். எட்டில்தான் எல்லாக் கோடும் எரியும். செத்த கோடு இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

கடைசியாகக் கட்டில், மேசை. மரக்கட்டிலின் மூட்டுகளில் டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்குகிறார்கள். இடுக்கில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். ஒரு கட்டில் போதும், விடுதி முழுவதும் பரவ. மரம் சுத்தமாக இருந்தாலும், முன்பணம் கொடுக்குமுன் லோடு ஆட்டோக்காரரிடம் வாடகையைக் கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாத மேசைக்கு, மேசையின் விலையையே வாடகையாகக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.