பழைய பைக்குக்குப் பந்தய டயர்: நான் செய்த தப்பும் மற்றவர்கள் செய்யும் தப்புகளும்

சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் ரோட்டில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. கார்களோடு மோட்டார்சைக்கிள்களும் ஓடின. இன்று பழைய அப்பர் தாம்சன் ரோட்டில் குரங்குகள்தான் வளைவு எடுக்கின்றன. பழைய பைக்கை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடம் வரை போக வேண்டும். எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, கடைசி வாரத்தில் "இந்த சைஸ் இருக்கா அண்ணே?" என்று கேட்டு டயர் வாங்குகிறவர்கள் நம்மில் அதிகம். நானும் அப்படி வாங்கியவன்தான்.

என் ஹோண்டா சிபி350 பைக்குக்குப் பின்னால் 3.50-18 டயர் (அகலம் 3.50 அங்குலம், ரிம் விட்டம் 18 அங்குலம்), அது உட்காரும் சக்கர வளையமான ரிம்மின் அகலம் 1.85 அங்குலம். அகலம் கூடினால் பிடி கூடும் என்று நம்பி 110 மில்லிமீட்டர் அகலமுள்ள 110/90-18 கேட்டேன். கடையில் "கேன், கேன்" (முடியும், முடியும்) என்றார்கள். டயர் ரிம்மில் ஏறியது என்னவோ உண்மை. ஆனால் அந்த அளவுக்குக் குறைந்தது 2.15 அங்குல ரிம் வேண்டும். ரிம் குறுகலாக இருந்தால் டயரின் இரண்டு பக்கமும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூரை முகடு மாதிரி எழும்பிக்கொள்ளும். நேராகப் போகும்போது தரையைத் தொடும் பட்டை மெலிந்துவிடும். பைக்கைச் சாய்த்தால் முகட்டிலிருந்து சட்டென்று சரிவதுபோல இருக்கும். அதோடு, சுழற்சி வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதே என்று திருப்திப்பட்டுப் போனேன்; திரும்பி வந்து பார்த்தால் உரசிய கறுப்புக் கோடு. 3.50-க்கே திரும்பினேன். வளைவில் பைக் மறுபடி சொன்ன பேச்சைக் கேட்டது.

உள் இழைகள் நேர்குறுக்காக ஓடும் ரேடியல் டயர் மீதான ஆசையும் இதே வகைதான். பழைய குறுகிய ரிம்கள், இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பயஸ் டயருக்காகச் செய்யப்பட்டவை. முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று கலப்பது இன்னும் மோசம். இரண்டும் நெளிகிற விதமே வேறு.

பேரைப் பார்த்து வாங்குவதும் உண்டு. 1969-இல் மால்கம் அப்ஹில், ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் ட்ரையம்ஃப் பானவில்லில் சராசரியாக மணிக்கு 100 மைலைத் தாண்டிச் சுற்றினார். அதனால்தான் அவர் பைக்கில் இருந்த டன்லப் டயருக்கு டிடி100 என்று பெயர் வந்தது. நல்ல கதை. ஆனால் பழைய அளவிலேயே புதிய ரப்பர்க் கலவையோடு பந்தய டயர்கள் கிடைக்கும் காலத்தில் கதைக்காக மட்டும் டயர் வாங்க முடியாது.

பக்கச்சுவரைப் படியுங்கள். அதில் உள்ள எழுத்து டயர் தாங்கும் வேகம்: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240 வரை. நான்கு இலக்க எண் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மலிவாகக் கிடைக்கும் பழைய டயரில் பள்ளம் முழுசாக இருக்கும். ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும். நம் ஊர் வெயிலில் கார்பார்க் மேல்தளத்தில் வருஷக்கணக்கில் நின்ற பைக் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது காற்று. குளிர்ந்த இங்கிலாந்தில் ஓட்டுகிறவர் சொன்ன காற்றழுத்த எண்ணை அப்படியே எடுத்து இங்கே நிரப்பிவிட்டு, பைக் வழுக்குகிறது என்று புலம்புகிறோம். கணக்கு எளிது: 30 பாகை செல்சியஸில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்த டயர், உள்ளே காற்று 60 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய 34½ பிஎஸ்ஐ ஆகிவிடும். செப்பாங்கின் மதிய வெயிலில் தார் கொதிக்கும்போது இன்னும் ஏறும். அதற்காக முதலிலேயே மிகக் குறைவாக வைத்தால் பக்கச்சுவர் அதிகம் நெளிந்து சூடு இன்னும் கூடும். டயர் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் தொடங்கி, ஓட்டி முடித்து உள்ளே வந்த உடனே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குச் சரியாக இருந்தது 2 மணிக்குச் சரியாக இருக்காது. கலவையும் அப்படித்தான்: குளிர்ந்த தடத்துக்கான மிக மென்மையான ரப்பர் இங்கே சீக்கிரம் வெந்துபோகும்.

புது டயருக்குப் பழைய ட்யூப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நீண்டு தொய்ந்த ட்யூப் உள்ளே மடிந்து, அந்த இடத்திலேயே தேய்ந்து கிழியும்.

அப்புறம், சாலைக்கு அனுமதியில்லாத பந்தய டயரை மாட்டிக்கொண்டு சோதனைச்சாவடி வழியாக ஓட்டிப் போக நினைக்க வேண்டாம். வேனில் ஏற்றுங்கள். தடத்தில் இறங்கியதும் முதல் சில சுற்றுகள் மெதுவாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து ஓட்டி, புது ரப்பரின் வழவழப்பு போகும் வரை பொறுங்கள். அதற்குள் யாராவது முந்திப் போனால் போகட்டும்.