சிகாகோவில் இத்தாலியன் வில்லேஜுக்குப் போகிறீர்களா?

மன்றோ தெருவில் 1927-இல் தொடங்கிய உணவகம். தலைமுறைகள் மாறியும் அதே குடும்பம்தான் நடத்திவருகிறது. முன்பதிவு செய்யும்போது மாடியில் இருக்கும் ‘தி வில்லேஜ்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், கீழ்த்தளத்தில் வேறு உணவகம் உண்டு. மாடியில் கூரையெல்லாம் நட்சத்திரமாக விளக்குகள் மினுங்கும். குட்டி அறை மாதிரித் தடுத்த இருக்கையைக் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் யோகம்தான்! பக்கத்தில் நாடக அரங்குகள் இருப்பதால் மாலைக் காட்சிக்கு முன்னால் கூட்டம் நெரியும். காட்சி தொடங்கியபின் போனால் நிதானமாகச் சாப்பிடலாம்.

அப்புறம், சைவர்களுக்கு ஒன்று: அசல் பார்மசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். தட்டின் மேல் துருவ வரும்போது தடுத்தால் போதாது, சாஸிலேயே கலந்திருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மினஸ்ட்ரோனி காய்கறி சூப்தானே என்றும் நம்பிவிடாதீர்கள். இறைச்சி வேகவைத்த நீரில் செய்வதும் உண்டு.