பர்சனல் டிரெய்னர்களுக்கு: ஒரே ஏரியாவில் ஆள் பிடியுங்கள்

வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தரும் டிரெய்னராகத் தொழில் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் ஆள் எந்த அபார்ட்மென்ட்டில் கிடைக்கிறாரோ, அடுத்த ஆளையும் அங்கேயோ பக்கத்துத் தெருவிலோ தேடுங்கள். சென்னை என்றால், வேளச்சேரியில் ஒருவர், அங்கிருந்து தூரத்தில் உள்ள அண்ணா நகரில் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு நேரம் கிடைப்பது காலை 5.30 முதல் 8.30 வரை, அப்புறம் மாலையில் கொஞ்ச நேரம். ஒரே வளாகத்துக்குள் இருந்தால் காலையிலேயே மூன்று பேரை முடித்துவிடலாம். நடுவில் ஏதாவது சிக்னலில் மாட்டினால் ஒருவருக்கான நேரம் போச்சு, பெட்ரோல் வேறு. ஒரே ஏரியா என்றால், கெட்டில்பெல்லை (கைப்பிடி வைத்த எடைக்குண்டு) ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டாம். 'என்ன சார், தொப்பை குறைஞ்சிருக்கே' என்று உங்களிடம் பயிற்சி எடுப்பவரை லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கேட்டால், அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

ஜிம்மில் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. சில குடியிருப்புகளில் வெளி டிரெய்னர்களை ஜிம்முக்குள் விடமாட்டார்கள். அசோசியேஷன் செயலாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் பிசியோதெரபி முடித்தவர்கள், வயதானவர்கள் என்று குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் பயிற்சி தருபவராக இருந்தால், ஒரே ஏரியாவில் அத்தனை பேர் கிடைக்கமாட்டார்கள். அப்போது போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே கட்டணம் பேசுங்கள்.