கவாத்துக் கத்தியோடு கொழுந்து பறிக்கப் போகாதீர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கர் தேயிலை. அதைப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சிறுகதையின் முதல் பத்தியை எட்டு மாதம் எழுதினேன். ‘மேகம் இறங்கியது’ என்பதா, ‘மேகம் கவிந்தது’ என்பதா? நான் முடிவெடுப்பதற்குள் அத்தை அதே தோட்டத்தில் இருபது சுற்றாவது கொழுந்து பறித்திருப்பார். "என்னப்பா, இன்னும் அதே பக்கமா?" என்பார், கூடையை இறக்கிக்கொண்டே.

நான் செய்த பெரிய தவறு, பறிக்கும்போதே கவாத்தும் செய்தது. கவாத்து என்றால் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது; தேயிலைக்கு அது நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. கொழுந்து எடுக்கிற அன்று யாரும் கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போவதில்லை. வெட்டிய செடி பல வாரம் இலையே தராது என்று அவர்களுக்குத் தெரியும். நானோ ஒரு வாக்கியம் துளிர்த்ததுமே வெட்டினேன். அப்புறம் ஏன் துளிர்க்கவில்லை என்று கவலைப்பட்டேன். கணினியில் அழிப்பது ரொம்பச் சுலபம் என்பதால் பேனாவுக்கு மாறினேன். காலையில் அரைமணி நேரம், திரும்பிப் படிக்காமல். சரியான சொல் வராத இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். முதல் வாரத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினான்கு பெருக்கல் குறிகள். பரவாயில்லை, பக்கம் நிரம்பியது.

தரத்துக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது அடுத்த தவறு. இரண்டு இலை, ஒரு மொட்டு என்பதில் அத்தைக்கும் சமரசம் கிடையாது. ஆனால் நல்ல பருவத்தில் ஏழு முதல் பத்து நாளுக்குள் அடுத்த சுற்று வந்தாக வேண்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டால் கொழுந்து முற்றிவிடும். வருடக்கணக்கில் விட்டால் செடி மரமாகிக் கைக்கு எட்டாது. என் நோட்டில் அப்படி மரமாகிப்போன கதைகள் நான்கு இருக்கின்றன.

பிறர் அச்சில் வந்த கதையை, நேற்று ராத்திரி எழுதிய நம் பக்கத்தோடு ஒப்பிடுவதும் உண்டு. பச்சை இலையை மென்றுவிட்டு "டீ மாதிரியே இல்லையே" என்பது போலத்தான் இது. ஃபேக்டரியில் இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலிக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகிறது. வாட்டுவதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு ராத்திரி. எழுதியதையும் அந்த அளவாவது ஆறவிட்டுத் தொடுங்கள்.

புது நோட்டு, புது செயலி, மலையைப் பார்த்த மேஜை பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாம் வாங்கினேன்.

அதற்காக ‘தினமும் எழுதித் தள்ளு’ என்கிற கூட்டத்திலும் நான் இல்லை. ஜனவரி உறைபனியில் பள்ளத்துச் செடிகள் கருகும். அப்போது அத்தை செடியைத் திட்டுவதில்லை. உடம்பு முடியாத வாரத்தையும் சோம்பேறித்தனத்தையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

சரி, அந்தக் கதை? பதினொரு வாரத்தில் முடிந்தது. திருத்த உட்கார்ந்த அன்று முதலில் வெட்டுப்பட்டது அந்த எட்டு மாதப் பத்திதான். கதை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருந்தது. மேகம் கடைசிவரை இறங்கவும் இல்லை, கவியவும் இல்லை.